நிருபரிடம் போதைப் பரிசோதனை கேட்டால்: கையெழுத்துக்கு முன் செய்ய வேண்டியவை

'போதைப்பொருள் பரிசோதனைக்கு நான் முழு மனதுடன் சம்மதிக்கிறேன்' என்று தொடங்கும் படிவம் ஒன்று உங்கள் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தால், அன்றைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டிய அவசியம் இல்லை. முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தச் சட்டத்தின்படி, எந்த விதியின்படி இதைக் கேட்கிறீர்கள்? போனில் கேட்க வேண்டாம். எழுதிக் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். இனி நான் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒரு கேள்வியிலிருந்து கிளைப்பதுதான்.

நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் செய்தி சேகரிப்பதிலேயே என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி போயிருக்கிறது. கஞ்சா வழக்குகளை முதல் தகவல் அறிக்கையிலிருந்து தீர்ப்பு வரைக்கும் தொடர்ந்து எழுதியிருக்கிறேன். வழக்கு நாளில் மகனைப் பார்க்க வந்து, வராண்டாத் தூணோரம் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களோடு பேசியிருக்கிறேன். போதை இந்த மாவட்டத்துப் பிள்ளைகளை என்ன செய்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். கட்டாயப் பரிசோதனையை எதிர்ப்பவர்கள் போதைக்கு வக்காலத்து வாங்குகிறார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் பத்திரிகையாளர் என்ற ஒரே காரணத்துக்காக, அவர்மீது எந்தச் சந்தேகமும் இல்லாதபோது, சிறுநீரைப் பிடித்துக் கொடு என்று அரசு கட்டாயப்படுத்தினால் அது அரசியலமைப்பு தந்த தனியுரிமையை மீறுவதாகும். தனியார் நிறுவனம் கேட்டால் உரிமை அதேதான், அதைப் பெறும் வழி மட்டும் சுற்றுவழி.

கேட்பது யார் என்று பாருங்கள்

போலீஸ் கேட்டால் எப்படி, அரசு அலுவலகம் கேட்டால் எப்படி, சம்பளம் தருபவர் கேட்டால் எப்படி என்று மூன்றையும் பிரித்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் பதில் வேறு வேறு.

போலீஸ் விஷயம் சுருக்கமானது. நீங்கள் பைக்கில் வரும்போது சீருடையில் இருக்கும் காவலர் மது அருந்தியிருப்பதாக நியாயமாகச் சந்தேகித்து ஊதச் சொன்னால், ஊதுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 203-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது. வண்டியில் 'பிரஸ்' ஸ்டிக்கர் ஒட்டியிருப்பது இதில் எந்தச் சலுகையும் தராது, தரவும் கூடாது. கைது செய்யப்பட்டவரை, அந்தக் குற்றத்துக்கு உடம்பில் சான்று கிடைக்கும் என்று நம்பக் காரணம் இருந்தால், பதிவு பெற்ற மருத்துவரைக் கொண்டு பரிசோதிக்கவும் சட்டம் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 53-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 51-வது பிரிவாக இருக்கிறது. பெண்ணாக இருந்தால் பெண் மருத்துவரோ, அவருடைய மேற்பார்வையிலோதான் பரிசோதனை நடக்க வேண்டும். இந்த இரண்டு நிலைமையும் இல்லாமல், ஆர்ப்பாட்டச் செய்தி எடுக்கப் போன இடத்தில் 'நீயும் வா, டெஸ்ட் பண்ணுவோம்' என்று கூப்பிட்டால், எந்தப் பிரிவு என்று கேளுங்கள். பக்கத்தில் இருக்கும் சக நிருபரைச் சாட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அரசு அலுவலகம் கேட்பது வேறு வகை. பத்திரிகையாளர் அங்கீகார அட்டை புதுப்பிக்க வேண்டுமா, ஆட்சியர் அலுவலகக் கூட்டத்துக்குள் வர வேண்டுமா, முதலில் பரிசோதனைச் சான்று கொண்டு வா என்று ஒரு சுற்றறிக்கை வந்ததாக வைத்துக்கொள்வோம். சுற்றறிக்கை சட்டம் ஆகிவிடாது. இதற்கு எல்லைக்கு அந்தப் பக்கமே நல்ல உதாரணம் இருக்கிறது. கேரளத்தில் தேசிய கீதம் பாடாமல் எழுந்து மட்டும் நின்ற பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து வெளியேற்றினார்கள். கல்வித் துறையின் சுற்றறிக்கைகளைக் காட்டித்தான் அதை நியாயப்படுத்தினார்கள். 1986-ல் பிஜோ இமானுவேல் வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டப் பின்புலம் இல்லாத துறைச் சுற்றறிக்கையைக் கொண்டு அடிப்படை உரிமையைக் குறைக்க முடியாது என்று சொல்லி, பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. ஆகவே அரசு அலுவலகம் கேட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், முப்பது நாளில் பதில் தர வேண்டும். எந்தச் சட்டம், எந்த அரசாணை, கோப்பில் இதற்கு எழுதப்பட்ட காரணம் என்ன, இந்த மூன்றையும் நகலோடு கேளுங்கள். காரணம் எழுதாத கோப்பு வந்தால், அதுவே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் உங்களுடைய முதல் ஆவணம்.

நிறுவனம் கேட்பதுதான் நம்மில் பலருக்கு நடக்கக்கூடியது. அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

உரிமை எங்கே இருக்கிறது

தனியுரிமை பற்றிய தீர்ப்புகளில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஒன்று, ஒரு தமிழ்ப் பத்திரிகை போட்ட வழக்கில் வந்தது. சிறையில் இருந்த ஆட்டோ சங்கர் எழுதிய வாழ்க்கைக் கதையை நக்கீரன் வெளியிட இருந்தபோது, அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். 1994-ல் உச்ச நீதிமன்றம், வெளியிடும் முன்பே தடுக்கும் அதிகாரம் அரசுக்கு இல்லை என்றது. அதே தீர்ப்பில், ஒரு குடிமகனைத் தனியே விட்டுவிட வேண்டும் என்ற உரிமை அரசியலமைப்பின் 21-வது பிரிவுக்குள் இருக்கிறது என்றும் சொன்னது. பத்திரிகைச் சுதந்திரமும் தனியுரிமையும் ஒரே தீர்ப்பில் உட்கார்ந்திருக்கின்றன. நம் தொழிலில் இருப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

பிறகு 2017 ஆகஸ்ட் 24. புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தனியுரிமையை அடிப்படை உரிமை என்றார்கள். அரசு அதற்குள் கை வைக்க வேண்டுமானால் ஒரு சட்டம் இருக்க வேண்டும், அதற்கு நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், எடுக்கும் நடவடிக்கை அந்த நோக்கத்துக்குப் பொருந்துகிற அளவில் இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒவ்வொன்றாக உங்கள் படிவத்தை வைத்துப் பாருங்கள்.

சட்டம்: போதைப்பொருள்களுக்கான 1985-ம் ஆண்டுச் சட்டத்தின் 27-வது பிரிவு உட்கொள்வதைக் குற்றமாக்குகிறது. ஆனால் அதில் எங்கேயும் ஒரு தொழிலைச் சேர்ந்தவர்கள் எல்லாரும் சிறுநீர் கொடுத்து நிரூபிக்க வேண்டும் என்று இல்லை. நோக்கம்: போதையைத் தடுப்பது நல்ல நோக்கம், அதை நான் மறுக்கவில்லை. அளவு என்று வரும்போதுதான் பிடி தளர்கிறது. விமானிகளுக்கும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களுக்கும் 2022 ஜனவரி 31 முதல் இப்படித் திடீர்ப் பரிசோதனை நடைமுறையில் இருக்கிறது. அவர்கள் கை நடுங்கினால் நூற்றுக்கணக்கான உயிர் போகும். விளையாட்டு வீரர்களுக்கு ஊக்கமருந்துச் சோதனை உண்டு, போட்டியின் நேர்மையே அதில் இருக்கிறது. குளச்சல் துறைமுகச் செய்தி எழுதும் நிருபருக்கு இதில் எது பொருந்தும்? அவர் தப்பாக எழுதினால் மறுப்பு வரும், வழக்கு வரும், வேலை போகும். அதற்கெல்லாம் வழி ஏற்கெனவே இருக்கிறது. செய்திச் சேனலின் நேரலை வேனை ராத்திரியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஓட்டிப்போகும் ஓட்டுநரை, பயணத்துக்கு முன் ஊதச் சொல்லுங்கள், நான் ஆதரிப்பேன். அதே காரணத்தைக் காட்டி மேஜையில் உட்கார்ந்து பிழை திருத்தும் சப்-எடிட்டரையும் வரிசையில் நிறுத்த முடியாது.

வெளிநாட்டில் இதே மாதிரிக் கேள்விகள் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம், தேர்தலில் நிற்பவர்கள் போதைப் பரிசோதனைச் சான்று தர வேண்டும் என்று சட்டம் போட்டது. அதற்கான தனித் தேவை எதையும் காட்டவில்லை என்று 1997-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் 2008-ல் வேட்பாளர்களுக்கும் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கும் கட்டாயச் சோதனை செல்லாது என்றது. ஆனால் மாணவர்களுக்கும் ஊழியர்களுக்கும் குலுக்கல் முறையில் சோதிப்பது செல்லும் என்று விட்டுவிட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் இந்தக் கடைசிப் பகுதியைத்தான் எடுத்து நீட்டுவார். அது அந்த நாட்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஒன்றின் கீழ் நடந்தது என்பதை அப்போது நினைவுபடுத்துங்கள். நாம் கேட்கும் முதல் கேள்வியே அந்தச் சட்டம் எங்கே என்பதுதான்.

வக்கீலிடம் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'எனக்கு எதிராக நானே சாட்சி சொல்ல முடியாது' என்ற அரசியலமைப்பின் 20(3)-ஐ முதல் வாதமாக வைக்காதீர்கள். அது குற்றம் சாட்டப்பட்டவருக்கான பாதுகாப்பு. அதோடு, கைரேகை, கையெழுத்து மாதிரி போன்றவை சாட்சியம் ஆகாது என்று 1961-லேயே பதினொரு நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. 2010-ல் செல்வி வழக்கில், மருந்து செலுத்திப் பேச வைக்கும் நார்கோ சோதனையைச் சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது என்று சொன்னபோதும் இந்த வேறுபாடு அப்படியே நின்றது. நம் பலம் 21-லும், அதோடு சேர்த்து, பேச்சுச் சுதந்திரம் தரும் 19(1)(அ)-விலும் இருக்கிறது.

மடியில் கனம்

'மடியில் கனமில்லை என்றால் வழியில் பயம் எதற்கு?' இதைக் கேட்காத ஆள் இருக்க மாட்டார்கள். வீட்டிலேயே கேட்பார்கள். இதற்குப் பதில் தெரியாமல் அந்தப் படிவத்தைக் கையில் எடுக்காதீர்கள்.

குளச்சல் பக்கம் பகுதிநேர நிருபராக இருக்கும் ஒரு தம்பி என்னைக் கூப்பிட்டான். "அக்கா, ஆபீஸ்லேர்ந்து ஃபாரம் வந்திருக்கு. நான் பீடி கூடக் குடிச்சதில்ல, உங்களுக்கே தெரியும். ஆனா எனக்கு ஃபிட்ஸ் மாத்திரை உண்டும். இப்பம் என்ன செய்ய?" என்றான். சின்ன வயதிலிருந்தே ஃபினோபார்பிட்டோன் சாப்பிடுகிறான். அது பார்பிட்சுரேட் வகை. பல பரிசோதனைப் பட்டியல்களில் அந்த வகையும் ஒரு கட்டம். சிறுநீர்ப் பாட்டிலைக் கொடுத்தால் அவனுக்கு வலிப்பு இருப்பது அலுவலகத்துக்குத் தெரிந்துவிடும். அவன் அம்மாவுக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரிந்திருந்த விஷயம் அது. மடியில் அவனுக்குக் கனம் எதுவும் இல்லை. இருந்தும் அவனிடம்தான் முதலில் பறிபோகிறது.

அவனைப் போல எத்தனையோ பேர். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் மருத்துவர் எழுதித் தரும் குளோனசெபம், அல்பிரசோலம் பென்சோடயசெபின் கட்டத்தில் வரும். கோடீன் கலந்த இருமல் மருந்து ஓபியம் வகைக் கட்டத்தில் வரும். கசகசாவில் மார்ஃபினின் சுவடு உண்டு, நிறையச் சேர்த்த குருமாவோ இனிப்போ சாப்பிட்டுவிட்டுப் போனால் அதுவும் காட்டக்கூடும். வயிற்று எரிச்சலுக்குச் சாப்பிடும் ரானிட்டிடின் சில கிட்டுகளில் ஆம்ஃபெட்டமின் என்று பொய்யாகக் காட்டியதாக மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. அதனால்தான் படிவத்திலேயே 'நீங்கள் சாப்பிடும் மருந்துகள்' என்று ஒரு கட்டம் வைக்கிறார்கள். அதை நிரப்பினால் உங்கள் மருந்து டப்பாவைத் திறந்து காட்டியாகிவிட்டது, நிரப்பாவிட்டால் பொய்ப் பாசிட்டிவுக்கு விளக்கம் இல்லை. இன்னொன்று: சிறுநீர்ச் சோதனை நீங்கள் வேலை நேரத்தில் போதையில் இருந்தீர்களா என்று சொல்லாது. கஞ்சாவின் மிச்சம் எப்போதாவது பயன்படுத்தியவருக்குச் சில நாள், தொடர்ந்து பயன்படுத்தியவருக்கு வாரக்கணக்கில் உடம்பில் நிற்கும். நிறுவனம் வேலைத்திறனைப் பற்றிக் கவலைப்படுகிறது என்றால் அதற்கு இந்தச் சோதனை பதில் தராது.

ஊழியரின் உடம்புக்குள் எட்டிப் பார்க்கும் படிவங்களை உச்ச நீதிமன்றம் முன்பும் பார்த்திருக்கிறது. எல்.ஐ.சி. வேலைக்குச் சேர்ந்த பெண்ணிடம் மாதவிலக்குத் தேதியும் கருவுற்ற விவரமும் கேட்ட படிவம் 1991-ல் நீரா மாத்தூர் வழக்கில் வந்தது. விவரத்தை மறைத்தார் என்று தகுதிகாண் பருவத்திலேயே அவரை நீக்கியிருந்தார்கள். நீதிமன்றம் திரும்ப வேலையில் சேர்க்கச் சொன்னது, அந்தக் கட்டங்களைப் படிவத்திலிருந்து எடுக்கவும் சொன்னது. பெண் நிருபர்கள் இந்த வழக்கின் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சோதனையை உறுதி செய்ய ஒருவர் கழிப்பறைக்குள் கூடவே நிற்பார் என்று சொன்னால், எழுத்தில் மறுக்க அது ஒன்றே போதுமான காரணம்.

பத்திரிகையாளருக்கு இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. ஒரு பாசிட்டிவ் முடிவு, உண்மையோ பொய்யோ, யாரோ ஒருவரின் மேஜை இழுப்பறையில் கிடந்தால், மணல் கடத்தல் பற்றியும் குவாரி பற்றியும் எழுதும் நிருபரின் கழுத்தில் கயிறு விழுந்த மாதிரிதான். உட்கொள்வதைக் குற்றமாக்கும் 27-வது பிரிவு இருக்கும்வரை அந்தக் காகிதத்தைப் போலீசுக்குக் காட்டுவேன் என்று சொன்னாலே போதும், செய்தி நின்றுவிடும், செய்தி கொடுத்தவரின் பெயரும் வெளியே வந்துவிடும். போனை உளவு பார்க்கும் மென்பொருள் பற்றிய பெகாசஸ் வழக்கில் 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், செய்தி தருபவரின் பாதுகாப்பு பத்திரிகைச் சுதந்திரத்தின் அடிப்படை நிபந்தனை என்று சொன்னதை இங்கேதான் வைக்க வேண்டும். நம் மாவட்டம் சின்னது. வடசேரியில் ஒரு லேபில் நடந்தது சாயந்திரத்துக்குள் தக்கலையில் பேச்சாக இருக்கும்.

நிறுவனத்துக்கு எழுதுவது எப்படி

முதலில் உங்கள் பணி நியமன ஆணையை எடுத்து முழுதாகப் படியுங்கள். மருத்துவப் பரிசோதனை பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா? நிறுவனத்தின் நிலையாணைகளில், அதாவது எழுதிவைத்த பணி விதிகளில், இருக்கிறதா? இல்லை என்றால் புதிதாகச் சேர்க்கப்படும் நிபந்தனை இது. பகுதிநேர நிருபர்களுக்குப் பெரும்பாலும் ஆணை என்று ஒரு காகிதமே இருக்காது. அப்போது மாதாமாதம் பணம் வந்த வங்கிப் பதிவு, அடையாள அட்டை, பெயரோடு வந்த செய்திகள், இவற்றின் நகலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு மின்னஞ்சல் அனுப்புங்கள். நான் அந்தத் தம்பிக்கு எழுதிக் கொடுத்தது கிட்டத்தட்ட இப்படி:

"மதிப்பிற்குரிய ஐயா, போதைப்பொருள் பரிசோதனைக்குச் சம்மதம் கேட்டுத் தாங்கள் அனுப்பிய படிவம் கிடைத்தது. முடிவு எடுக்கும் முன் சில விவரங்களை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். எந்தச் சட்டம் அல்லது என் பணி நிபந்தனையின் எந்தப் பகுதியின்படி இது கேட்கப்படுகிறது? என் பணியின் எந்த அம்சத்துக்கு இது தேவைப்படுகிறது? எந்தெந்தப் பொருள்கள் சோதிக்கப்படும், எந்த ஆய்வகத்தில்? முதல் சோதனையில் பாசிட்டிவ் வந்தால் உறுதிப்படுத்தும் சோதனை உண்டா? முடிவை யார் பார்ப்பார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், வெளியாருக்குத் தரப்படுமா? இந்த விவரங்கள் கிடைக்கும்வரை என் பதில் வராததைச் சம்மதமாகவும் மறுப்பாகவும் கொள்ள வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். 'மறுத்தார்' என்று கோப்பில் எழுதவே பலர் காத்திருப்பார்கள். கடிதத்தில் கோபமும் வேண்டாம், தீர்ப்புகளின் பட்டியலும் வேண்டாம். உங்கள் நோயையோ மருந்தையோ இதில் குறிப்பிடவே கூடாது. அந்தத் தம்பிக்குப் பதில் போனில்தான் வந்தது. மின்னஞ்சலில் அனுப்புங்கள் சார் என்று மட்டும் சொல்லச் சொன்னேன். மின்னஞ்சல் வரவில்லை, அவனிடம் படிவத்தைத் திரும்பக் கேட்கவும் இல்லை.

எல்லாருக்கும் இப்படி முடியாது. மார்த்தாண்டத்தில் இருக்கும் ஒரு தங்கைக்கு வீட்டுக்கடன் தவணை இருக்கிறது, வேலை போனால் அடுத்த மாதமே கஷ்டம். அவள் போவது என்று முடிவு செய்தாள். அதில் எந்தத் தப்பும் இல்லை. போகிறவர்கள் சில விஷயங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். படிவத்தில் கையெழுத்துக்கு மேலே 'வேலை தொடர்வதற்காக, என் ஆட்சேபத்துடன்' என்று உங்கள் கையெழுத்திலேயே எழுதுங்கள். மாதிரியை உங்கள் கண்முன் சீல் வைத்து, இரண்டு பாட்டிலாகப் பிரித்து, இரண்டிலும் உங்கள் கையெழுத்தை வாங்கச் சொல்லுங்கள். கிட்டில் கோடு தெரிவதை மட்டும் வைத்து முடிவு எழுதக் கூடாது. கேஸ் குரோமட்டோகிராபி மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி போன்ற உறுதிப்படுத்தும் சோதனை செய்த பிறகுதான் பாசிட்டிவ் என்று சொல்ல வேண்டும். மருந்து விவரத்தை மனிதவளப் பிரிவுக்குத் தராதீர்கள். மருந்துச் சீட்டை உறையில் போட்டு ஒட்டி, ஆய்வக மருத்துவரிடம் மட்டும் கொடுங்கள். முடிவின் நகலை அன்றைக்கே கேட்டு வாங்குங்கள்.

உடல்நல விவரமும் மருத்துவப் பதிவும் 'சென்சிட்டிவ்' வகைத் தனித் தகவல் என்று 2011-ன் தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன. எழுத்தில் சம்மதம் வேண்டும், கொடுத்ததைத் திரும்பப் பெறவும் வழி வேண்டும். 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. முடிவு வாட்ஸ்அப் குழுவில் போடப்பட்டால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதி நேரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையை விட்டு நீக்கினால்

தனியார் நிறுவனத்துக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் நேரடியாக ரிட் மனு போட்டால் பெரும்பாலும் பதிவு நிலையிலேயே கேள்வி வரும். 2023 ஜனவரியில் கௌஷல் கிஷோர் வழக்கில் அரசியலமைப்பு அமர்வின் பெரும்பான்மை நீதிபதிகள், 19, 21-வது பிரிவு உரிமைகளை அரசு அல்லாதவர்களுக்கு எதிராகவும் நிலைநாட்டலாம் என்றார்கள். இது நமக்குக் கதவு. ஆனால் அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். நிரந்தர ஊழியர் என்றால், விசாரணை இல்லாமல் நீக்கியதைத் தொழிலாளர் துறையில் சமரச அலுவலர் முன் எழுப்புவதுதான் நேர் வழி. அதற்கு நீக்கிய கடிதம் வேண்டும். 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்று வாயால் சொன்னால், அப்படிச் சொன்னீர்கள் என்று அன்றிரவே நீங்கள் மின்னஞ்சல் எழுதுங்கள். அரசு உத்தரவால் அட்டை மறுக்கப்பட்டதென்றால், அரசியலமைப்பின் 226-வது பிரிவில் மதுரைக் கிளைக்கு நேரே போகலாம்.

வக்கீல் செலவை நினைத்துப் பின்வாங்க வேண்டாம். நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கும், வருமான வரம்புக்குக் கீழே இருப்பவர்களுக்கும் இலவச வக்கீல் கிடைக்கும். பெண் என்றால் வருமானம் பார்க்க மாட்டார்கள். ஆதார் நகல், படிவம், நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல், வந்த பதில், வங்கிப் பதிவு இவ்வளவும் கொண்டு போங்கள்.

உங்கள் நண்பர் ஒருவருக்கு உண்மையிலேயே பழக்கம் இருந்தால், அவருக்கான வழி தனி. 14446 என்ற இலவச எண்ணில் போதை மீட்பு ஆலோசனை கிடைக்கும். தானாக முன்வந்து சிகிச்சை எடுப்பவருக்கு அதே 1985-ம் ஆண்டுச் சட்டத்தின் 64ஏ பிரிவு வழக்கிலிருந்து பாதுகாப்பும் தருகிறது. போன் செய்யும்போது அலுவலகத்தின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.